சாமி சாட்டியாச்சு, கையில என்ன இருக்கு?

எங்கள் அத்தை கேரளத்து வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்று மலையிறங்கி, இப்போது சின்னமனூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். அவரிடம் எண்ணெய்க் கறை படிந்த கோடு போட்ட நோட்டு ஒன்று உண்டு. திருவிழாச் செலவை மட்டும் எழுதுகிற நோட்டு. வரவுப் பக்கமே அதில் கிடையாது. கேட்டால், "வர்றது மனசுல இருக்குல்ல, போறதத்தானப்பா எழுதணும்" என்பார்.

ஊர்க் கணக்கு அப்படியில்லை. திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டின் ஈரம் காய்வதற்குள் வரவு செலவை மைக்கில் வாசித்தாக வேண்டும். பந்தலுக்கு எவ்வளவு, கொட்டுக்காரருக்கு எவ்வளவு, சீரியல் செட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நூறு ரூபாய் இடித்தால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும். ஆனால் மைக்கில் வாசிக்கும் அந்தத் தொகை, ஒரு திருவிழாவுக்கு ஊர் செலவழிக்கும் பணத்தில் சிறு துண்டுதான். மீதியெல்லாம் அடுப்படியிலும் ஜவுளிக்கடையிலும் அடகுக்கடையிலும் கரைகிறது. அதற்கு மைக் கிடையாது. கேரள மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு கணக்கும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன என்று பார்க்கலாம்.

ஏலத்தில் ஓடுவதும் வரியில் ஓடுவதும்

பள்ளத்தாக்கின் பெரிய திருவிழா வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுடையது. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றங்கரையில் கோயில். சித்திரைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை எட்டு நாள், இரவு பகல் பார்க்காத கூட்டம். அதற்கு மூன்று வாரம் முன்பே மூன்று கிளை பிரிந்த அத்திமரக் கம்பத்தை நட்டுவிடுவார்கள். ஆற்றில் முங்கி ஈரத்துணியோடு வந்து கம்பத்துக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். அக்கினிச்சட்டி, ஆயிரங்கண் பானை, மாவிளக்கு, முடியிறக்கு எல்லாம் உண்டு. மாவட்ட நிர்வாகம் ஒருநாள் உள்ளூர் விடுமுறை விட்டு, அதை ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டிக்கொள்ளும்.

கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருப்பதால் இங்கே வீட்டுக்கு வீடு வரி கிடையாது. வருமானம் உண்டியலிலிருந்தும் ஏலத்திலிருந்தும் வருகிறது. ராட்டினத் திடல், தரைக்கடை, முடி, வண்டி நிறுத்தம் என ஒவ்வொன்றுக்கும் உரிமம் ஏலம் போகும். 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி பெரிய கோயில்களின் வருமானத்தில் 12 சதவீதம் வரை நிர்வாகப் பங்களிப்பாகவும் 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமாகவும் துறைக்குப் போகிறது.

ராட்டினத்தில் ஏற ஒரு பிள்ளைக்கு 100 ரூபாயா என்று வருஷா வருஷம் வாசலில் நின்று சண்டை போடுகிறோம். சீட்டுக் கிழிக்கும் பையனிடம் சண்டை போட்டு என்ன செய்ய? ஒரு திடல் 1 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 100 ரூபாய் என்றால் ஏலத்தொகை மீளவே 1 லட்சம் பேர் ஏறி இறங்க வேண்டும். ஜெனரேட்டர் டீசல், ஆள் கூலி, லாரி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் அதற்கு மேல். எடுத்தவர் மொத்தத்தையும் தாமே நடத்துவதில்லை. மரணக்கிணறு, டெல்லி அப்பளம், பஞ்சுமிட்டாய் என்று துண்டு துண்டாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். ஒவ்வொரு கை மாறும்போதும் விலையில் ஒரு படி ஏறும். கடைசிப் படியில் நிற்பது பிள்ளையைத் தோளில் தூக்கி வந்த அப்பன். அரை கிலோ அல்வாவின் விலையிலும் தரைவாடகை கலந்திருக்கிறது. அடுத்த ஏலத்தில் தொகை கூடினால் "கோயிலுக்கு வருமானம் கூடிருச்சு" என்று பேப்பரில் வரும். கூடியது யார் சட்டைப்பையிலிருந்து என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

நேர் எதிராக ஒரு விழாவும் இங்கேயே உண்டு. கூடலூருக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் எல்லைக்கோட்டில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமி அன்று ஒரே நாள்தான் திறப்பு. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்வார்கள். குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து நடை. ராட்டினம் இல்லை, கடைத்தெரு இல்லை, பிளாஸ்டிக் பாட்டில்கூட உள்ளே போகாது. ஜீப் கட்டணமும் கட்டுச்சோறும்தான் குடும்பத்தின் செலவு. கூட்டம் கூடுவதால் மட்டும் செலவு கூடிவிடாது, நடுவில் ஏலம் நுழைய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஊர்த் திருவிழா மூன்றாவது வகை. காளியம்மன், மாரியம்மன், முத்தாலம்மன் என்று ஊருக்கொரு சாமி. சாமி சாட்டியதும், அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவித்ததும், தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கைம்பெண் வீடென்றால் பல ஊர்களில் அரை வரி. கல்யாணமாகாத இளவட்டத்துக்கு வரி இல்லை. "இந்த வருஷம் நானும் வரி கொடுத்தேன்" என்று புது மாப்பிள்ளை சொல்லிக்கொள்வதில் ஒரு மிடுக்கு இருக்கும். வரியோடு மண்டகப்படி சேரும். ஏலக்காய் வியாபாரிகள், ஜவுளிக்கடைக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் என்று ஆளுக்கொரு நாள் செலவை ஏற்பார்கள்.

வரியை வெறும் பணமாகப் பார்த்தால் பாதிதான் விளங்கும். வரி கேட்டு வந்தால் நீ இந்த ஊரான், இந்தச் சாமி உன்னுடையது என்று பொருள். அதனால்தான் ஒருவரை ஒதுக்க நினைக்கும் ஊர் அவர்மேல் வரியைக் கூட்டுவதில்லை, வரியே வாங்குவதில்லை. சேரித் தெருவில் வரி வாங்க மறுத்தால் மண்டகப்படி உரிமையையும் தேர்வடம் பிடிக்கும் உரிமையையும் மறுத்த மாதிரி. "எங்ககிட்டயும் வாங்கு" என்று போராட்டம் நடப்பது வெளியூர்க்காரர்களுக்கு வினோதமாக இருக்கும். ரசீது என்பது குடியுரிமைச் சீட்டு என்று தெரிந்தவர்களுக்கு அதில் வினோதம் இல்லை.

ஊர்க் கணக்கில் இன்னொரு நுட்பம். கடைசி நாளில் சாமிக்குச் சாத்திய சேலை, கலசத் தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் ஏலம் விடுவார்கள். கேட்கிற வீறாப்பில் பத்து ரூபாய்ப் பழம் ஆயிரங்களுக்குப் போகும். பணத்தை அப்போதே வைக்க வேண்டியதில்லை, அடுத்த வருஷம் சாமி சாட்டுவதற்குள் கட்டினால் போதும். மிச்சப் பணத்தையும் ஊருக்குள்ளேயே வட்டிக்கு விடுவதுண்டு. சாமிப் பணம் என்பதால் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்பது நம்பிக்கை. ஆக, மைக்கில் வாசிக்கும் "மிச்சம்" பல வருஷம் ரொக்கம் இல்லை. ஊரார் ஊருக்குப் பட்ட கடன்.

வரி சின்னது, விருந்தாளி பெரிசு

ஊர்க் கூட்டத்தில் சத்தமெல்லாம் வரிக்குத்தான். 1,500 ஆக இருந்ததை 2,000 ஆக்கினால் இரவு பதினொரு மணிவரை கூட்டம் கலையாது. வீட்டுக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தச் சத்தம் இடம் மாறிப் போட்ட சத்தம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். வரி 2,000 ரூபாய். நான்கு பேருக்குத் துணி 6,000. பிள்ளைகளோடு வந்திறங்கிய இரண்டு நாத்தனார் குடும்பத்துக்கும் சேர்த்து ஐந்து கிலோ ஆட்டுக்கறி, கிலோ 800 என்றால் 4,000. மற்ற சாப்பாட்டுச் சாமான், எண்ணெய், பலகாரம் 3,000. அக்கினிச்சட்டி நேர்த்திக்கடன், மாலை, பொங்கல் பானை 1,500. ஆறு பிள்ளைகள் மூன்று மூன்று ராட்டினம் ஏறினால் 1,800. பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள் திரும்பும்போது கையில் கொடுத்தனுப்பும் சேலை 2,000. ஐந்து நாள் வேலைக்குப் போகாததால் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 500 வீதம் போன கூலி 5,000. மொத்தம் 25,300. இதில் வரி பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராது.

இந்தப் பட்டியலில் எல்லாரும் மறக்கிற இனம் கடைசியில் உள்ளது. போன கூலியை யாரும் செலவென்று எழுதுவதில்லை. அத்தை நோட்டிலும் இல்லை. விடிகாலை நான்கு, நாலரைக்கெல்லாம் கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்களுக்குப் போகாத நாளில் சம்பளம் கிடையாது. திருவிழா வாரத்தில் ஜீப் பாதி காலியாகத்தான் மெட்டு ஏறும். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும் ஊர்களில், தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்களுக்கு இழப்பு இன்னும் நீளம்.

விருந்தாளிச் செலவு ஏன் இவ்வளவு வீங்குகிறது? சித்திரை இரண்டு மாநிலத்துக்கும் பள்ளி விடுமுறை மாதம். நெடுங்கண்டம், வண்டன்மேடு, ஏலப்பாறை, மூணாறு என்று மலைமேல் குடியேறிய சொந்தமெல்லாம் பிள்ளைகளோடு இறங்கும். தைப்பொங்கலுக்கு வந்தால் இரண்டே நாள், சித்திரைக்கு வந்தால் எட்டு நாள். வந்தவர்களைப் பார்த்து "எப்ப கிளம்புறீங்க" என்று கேட்டவர் இந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

சிக்கனத்துக்கு ஊரே கண்டுபிடித்த வழிகள் உண்டு. கூறுகறி நல்ல உதாரணம். பத்து வீடு சேர்ந்து வாரம் இவ்வளவென்று சீட்டுக் கட்டி, சந்தையில் ஆடு பிடித்து, வெட்டிக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். கடை விலையைவிடக் குறையும், தலை கால் குடல் என்று எல்லாருக்கும் எல்லாமும் கிடைக்கும். 2003-இல் தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தியபோது கிடாவெட்டு நின்றது. அடுத்த ஆண்டே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அன்று பேச்செல்லாம் நம்பிக்கை பற்றியே இருந்தது. வருஷம் பூராவும் கட்டிய கறிச்சீட்டு என்ன ஆவது என்ற கவலை வீடுகளோடு நின்றுவிட்டது.

மாதம்தான் வில்லன்

25,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு முடியாத தொகை என்று சொல்ல மாட்டேன். அது எந்த மாதத்தில் தேவைப்படுகிறது என்பதில்தான் சிக்கல்.

இந்தத் திருவிழாக்கள் நெல் விவசாயத்தின் நாட்காட்டியில் பொருந்தியவை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த பிறகு பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோகமானது. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1 வாக்கில் முதல்போகத்துக்குத் திறப்பார்கள். இரண்டாம் போகம் பங்குனி, சித்திரையில் அறுப்பாகும். களத்தில் நெல், கையில் காசு, அடுத்த உழவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு. சாமி கும்பிட இதைவிட நல்ல நேரம் ஏது? நில உடைமைக்காரருக்கு இந்தக் கணக்கு இன்றும் ஓரளவு சரிதான்.

ஆனால் ஊரில் பாதிப்பேர் இப்போது வயலை நம்பி இல்லை, மலையை நம்பி இருக்கிறார்கள். மலையின் நாட்காட்டி வேறு. ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பு ஆடி ஆவணி வாக்கில் சூடுபிடித்து மாசிக்குள் ஓய்ந்துவிடும். சித்திரையில் களையும் பராமரிப்பும்தான், வேலைநாள் குறைவு. தேயிலையிலும் கோடையில் கொழுந்து குறையும். எஸ்டேட் நிரந்தரத் தொழிலாளிக்கு மொத்தமாகப் பணம் வருவது ஓணத்துக்கு முன்பு, போனஸாக. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்த கணக்குப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்தத் தொகை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2015 செப்டம்பரில் மூணாறு காட்டியது. போனஸ் முந்தைய ஆண்டைவிடக் குறைந்து 10 சதவீதம் ஆனதும், அதுவரை தொழிற்சங்க மேடையில் ஏறாத தமிழ்ப் பெண்கள் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது நாள்கூலி 232 ரூபாய். அந்தக் கூலியில் இருப்பவருக்கு போனஸ்தான் கல்யாணம், கடன் மீட்பு, திருவிழா எல்லாம்.

நெல்லுக்குப் பொருந்திய சாமி சித்திரையில் வருகிறது, மலைக்காசு ஆவணியில் வருகிறது. நடுவில் நாலு மாதம். அந்த நாலு மாதத்தைத்தான் அடகுக்கடையும், தினவசூலுக்குக் கடன் தரும் தண்டல்காரரும் நிரப்புகிறார்கள்.

மலையின் விலையும் ஊர்க் கணக்கை ஆட்டும். 2018 வெள்ளத்துக்குப் பின் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே ஆண்டுக்குள் சராசரி ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. மண்டகப்படி எடுக்கும் வியாபாரியின் நன்கொடையும் அதோடு ஏறி இறங்கும். 2024 கோடையில் இடுக்கியில் மழை பொய்த்து ஏலச்செடிகள் கருகியது சரியாகத் திருவிழாக் காலத்தில். வேலைநாள் விழுந்தாலும் வரி அதேதான். தலைக்கட்டு வரி ஒருவரின் வருமானத்தைக் கேட்டு வருவதில்லை. பத்து ஏக்கர் ஏலத்தோட்டக்காரரும் அவர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒரே தொகை. சமத்துவம் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி சமத்துவமாகத்தான் படுகிறது.

நாலு மாதத்தின் விலை

30,000 ரூபாயைச் சித்திரையில் வாங்கி ஆவணியில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். வங்கியிலோ கூட்டுறவிலோ நகை வைத்து மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் நாலு மாதத்துக்கு 1,200. இரண்டு வட்டியென்றால் 2,400. தெருவில் கைமாற்றாக ஐந்து வட்டிக்கு வாங்கினால் 6,000. ஒரே திருவிழா, யாரிடம் வாங்கினோம் என்பதில் ஐந்து மடங்கு வித்தியாசம். நகை இருப்பவருக்கு மலிவு, இல்லாதவருக்கு ஏறின விலை.

தண்டல் இன்னும் தந்திரமானது. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். "1,500 தானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால் நூறு நாளும் சராசரியாக நம் கையில் இருப்பது 4,000-க்குச் சற்று மேல்தான். 4,250-க்கு நூறு நாளில் 1,500 வட்டி. வருஷக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் சேர்த்துத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தண்டல்காரரின் பைக் காலை ஏழு மணிக்குத் தெருவில் இருக்கிறது. மகளிர் குழுக் கடன் வட்டி குறைவுதான், ஆனால் வாரக் கட்டு தவறினால் குழுவே வாசலில் வந்து உட்காரும். திருவிழாவுக்கு என்று சொன்னால் குழுவில் தரமாட்டார்கள் என்பதால் கறவை மாட்டுக்கு என்று எழுதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

சித்திரை போனதும் ஜூன் வந்துவிடும். பள்ளி திறப்பு, சீருடை, ஃபீஸ். அதே நகை, அதே குழு. ஒரு சுற்று அடைக்கும் முன் அடுத்த சுற்று.

எல்லாம் வீண் செலவா?

"இவ்வளவு கஷ்டத்துல எதுக்கு இந்தக் கூத்து?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டுச் செலவின் ஒரு பகுதி செலவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இங்கே அதற்கு 'செய்முறை' என்று பெயர். பலர் பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்துவதைத் திருவிழாவோடு சேர்த்துவிடுவார்கள். சொந்தமெல்லாம் ஏற்கனவே கூடியிருக்கும், தனிப் பந்திச் செலவு மிச்சம். தாய்மாமன் சீர் கொண்டுவருவார், மற்றவர்கள் மொய் எழுதுவார்கள். அந்த நோட்டில் எழுதிய ஒவ்வொரு தொகையும் ஒருநாள் திரும்ப வேண்டியது. வங்கிக்குப் போகத் தயங்கும் குடும்பத்துக்கு இதுதான் வட்டியில்லாச் சேமிப்பு. ஆனால் பணம் எடுக்கும் நாளை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆண் பிள்ளை மட்டும் பெற்றவருக்கும், பிள்ளையே இல்லாதவருக்கும் கொடுத்தது முழுதாகத் திரும்புவதில்லை.

கொரோனா இதைச் சோதித்துக் காட்டியது. 2020-இலும் 2021-இலும் திருவிழா இல்லை. செலவு மிச்சம்தான். கூடவே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகள் அடைபட்டு ஜீப்பும் நின்றது, கூலியும் நின்றது. காதுகுத்து வைத்து மொய் வாங்கிக் கடனடைக்கலாம் என்றிருந்தவர்கள் இரண்டு வருஷம் முடங்கினார்கள். பொரிகடலைக்காரர், வளையல்காரர், ராட்டினம் சுற்றுகிறவர், கொட்டுக்காரர் எல்லாருக்கும் நம் செலவுதான் வருமானம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

போன மாதம் அத்தையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு வருஷப் பட்டியலுக்கும் அடியில் கடைசிக் குறிப்பு ஒன்றேதான், 'தோடு வச்சது' என்று ஒரு தொகை. மீட்டதும் அதன்மேல் கோடு அடித்துப் பக்கத்தில் மாதத்தை எழுதியிருக்கிறார். எஸ்டேட்டில் இருந்த வருஷங்களில் எல்லாம் ஆவணி. 2020, 2021 பக்கங்கள் காலி. போனஸ் நின்றபின் கோடு தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. போன சித்திரையின் தொகைமேல் இன்னும் கோடு விழவில்லை.

"இந்த வருஷம் நீங்க வரவேண்டாம்னு மதினிகிட்டச் சொல்லிறலாமா அத்த?" என்று கேட்டேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு, "ஏலே, அவ வராட்டி எனக்கென்னடா திருவிழா" என்றார்.